பழைய மாஸி டிராக்டரில் முதல் செலவு டயருக்கா, பிளேடுக்கா?

மாதவரத்தில் லாரி யார்டு வைத்திருப்பவருக்கும் மீஞ்சூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவருக்கும் புரட்டாசி பிறந்தால் ஒரே யோசனைதான். ஐப்பசி மழை இறங்குவதற்குள் பள்ளம் மேட்டைத் தட்டியாக வேண்டும். சும்மா நிற்கிற பழைய டிராக்டருக்குப் பின்னால் மண்ணை வழிக்கும் ஒரு பிளேடு மாட்டிவிட்டால் ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. யோசனை நல்லதுதான். கையிலிருக்கும் பணம் முழுவதையும் பிளேடில் போட்டுவிட்டு, பட்டன் (டயர்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) தேய்ந்த டயரோடு வண்டியை மண்ணில் இறக்கும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. பிளேடு மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். தட்டப் போன இடத்தில் புதிதாக இரண்டு பள்ளம் விழுந்திருக்கும்.

டயரையும் பிளேடையும் தனித்தனிச் செலவாக நினைக்கக் கூடாது. மண்ணைப் பார்த்து டயர். டயரும் சக்கர அகலமும் சேர்ந்து பிளேடின் நீளம். இந்த வரிசையில் போனால் இரண்டு செலவும் உதவும். தலைகீழாகப் போனால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

இங்கே அளவுகளை மாஸி ஃபெர்குசன் 1035-ஐ வைத்தே சொல்கிறோம். செம்பியத்தில் இதைச் செய்யும் டாஃபே டிராக்டர் ஆலையும் அதற்கு எஞ்சின் செய்த சிம்சன் ஆலையும் இருப்பதால், வடசென்னையில் இந்த வண்டியின் கை தெரிந்த மெக்கானிக் கிடைப்பது கஷ்டமில்லை. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொண்டால் போதும், கணக்கு ஒன்றுதான்.

எந்த மண்ணில் வேலை

எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் கடற்கரை மணல். மீஞ்சூர், பொன்னேரியில் ஈரமானால் ஒட்டும் களிமண். மணலி, மாதவரம், ஆண்டார்குப்பம் யார்டுகளில் கிராவலும் கிரஷர் தூளும் கட்டட இடிபாட்டு ராபிஷும் கொட்டி லாரி ஏறி இறங்கி இறுகிய தரை. மூன்றுக்கும் ஒரே டயர் சரிப்படாது.

மணலில் அகலமான டயர், குறைந்த காற்று. களிமண்ணில் உயரமான, கூர்மை கெடாத பட்டன். யார்டுத் தரையில் பட்டன் உயரத்துக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே வண்டியின் எடையும், பட்டன்களுக்கு நடுவிலுள்ள ரப்பரின் தடிமனும்தான் முக்கியம். ராபிஷில் ஒளிந்திருக்கும் கம்பி முனை அந்த இடைவெளியில்தான் குத்தும். வேலை முழுக்க யார்டுக்குள்தான் என்றால், பாதி தேய்ந்த பட்டனோடு பக்கச்சுவர் நன்றாக இருக்கும் ஒரு ஜோடி டயர் இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். புது உழவு டயரைக் கான்கிரீட்டிலும் தாரிலும் தேய்ப்பதுதான் வீண்.

டயரில் உள்ள வழிகள்

1035-க்கு வழக்கமான பின் டயர் 12.4-28 (முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்). பெரிதாகப் போடுகிறவர்கள் 13.6-28 போடுவார்கள். ரிம்மில் டபிள்யூ 11 (11 அங்குல அகலம்) என்று அடித்திருந்தால் இரண்டுமே அதில் உட்காரும். 12.4-இன் அகலம் சுமார் 315 மில்லிமீட்டர், 13.6 சுமார் 345. விட்டம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கூடும், அதனால் அதே கியரில் வேகமும் 4 சதவீதம் கூடும். இரு சக்கர இழுவை வண்டியில் இதனால் எந்தக் கெடுதியும் இல்லை. மாற்றுவதற்கு முன் இரண்டு இடங்களை அளந்து பாருங்கள்: மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் விரலிடை தாராளமாக இருக்க வேண்டும். பின்னால் பிளேடைத் தாங்கும் கையான கீழ் லிங்க்கை முழுக்க ஒரு பக்கம் தள்ளினாலும், அது ஆடாமல் பிடிக்கும் செயின் டயரின் உள்சுவரில் உரசக் கூடாது. மணலுக்கும் களிமண்ணுக்கும் 13.6 தெளிவாக மேல். யார்டுக்கு 12.4 போதும்.

ரீபட்டன் டயர் (பழைய டயர்மேல் புது ரப்பர் ஒட்டியது) பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் என்ற ஆசையில் பலர் வாங்குகிறார்கள். நஞ்சையில் மெதுவாக ஓட்டுவதற்கு அது பரவாயில்லை. பிளேடு வேலை வேறு. சக்கரம் சுழன்று சுழன்று பிடிக்கும்போது புதிதாக ஒட்டிய ரப்பர் தோள்பட்டையில்தான் பிய்யத் தொடங்கும், அதுவும் ஒரு கம்பி நுனி உள்ளே போய்விட்டால் பட்டன் பட்டனாகக் கழன்று வரும். வாங்குவதாக இருந்தால் மேல் ரப்பரைப் பார்த்து மயங்காமல் பழைய உடம்பைப் பாருங்கள். பக்கச்சுவரில் வெயில் வெடிப்பு நகம் நுழைகிற அளவுக்கு இருந்தால் வேண்டாம். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2219 என்றால் 2019-இன் 22-ஆவது வாரம். ரீபட்டன் எப்போது போட்டிருந்தாலும் டயரின் உண்மையான வயது இதுதான்.

வடசென்னைக்கே உரிய ஒரு சபலம் இருக்கிறது. இங்கே யார்டுகளில் ஜேசிபியின் பழைய பின் டயர் மலிவாகக் கிடைக்கும். அதுவும் 28 அங்குல ரிம்தானே, மாட்டிவிடலாமே என்று தோன்றும். மாட்ட வேண்டாம். அந்த 16.9-28-க்கு 13 முதல் 15 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். 11 அங்குல ரிம்மில் அதன் இரண்டு விளிம்பும் உள்ளே இழுபட்டு உட்காரும், பக்கச்சுவர் பானை வயிறு மாதிரி பிதுங்கும். பாரம் ஏறும்போது நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், மட்கார்டும் லிங்க்கும் உரசும். தரையில் பதியும் பரப்பு கூடாது, குறையும். ரிம்மையும் சேர்த்து மாற்றுவதென்றால் புது 13.6 ஜோடியே வாங்கிவிடலாம்.

ஜோடி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் பழையது என்றால் ஆர வித்தியாசம் 25 மில்லிமீட்டர் வரை வரும். சக்கர நடு இடைவெளி 1.4 மீட்டர் உள்ள வண்டியில் இது 7 அடி பிளேடின் இரு முனைகளுக்கு நடுவே 38 மில்லிமீட்டர் சாய்வாகிவிடும். வலது லிங்க்கின் லெவலிங் கைப்பிடியைத் திருகிச் சாய்வை நேராக்கலாம்தான். ஆனால் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நேர்ப்பாதையிலும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு டயரில் காற்றழுத்தம் 12 பிஎஸ்ஐயும் மற்றதில் 20-உம் இருந்தாலும் பிளேடு இதேபோலச் சாயும். தரை அலை அலையாக வருகிறது என்று பிளேடைக் குறை சொல்வதற்கு முன் காற்றுமானியை எடுங்கள்.

டயரில் தண்ணீர் நிரப்புவதா

சக்கரத்தில் எடை கூடினால் இழுவை கூடும். 1035 சுமார் 1,700 கிலோ. அதில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் பின்சக்கரத்தில் நிற்கும் என்று வைத்தால் 1,050 கிலோ. உறுதியான மண்ணில் அந்த எடையில் ஏறக்குறைய பாதிதான் இழுவையாகக் கிடைக்கும், தளர்ந்த மணலில் மூன்றில் ஒரு பங்கும் சந்தேகம். 12.4-28 டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் ஒரு டயருக்குச் சுமார் 150 லிட்டர், 13.6-இல் 185-க்கு மேல். ஆக 300 முதல் 370 கிலோ பின்சக்கரத்தில் ஏறுகிறது, அதனால் உறுதியான தரையில் 150 கிலோவுக்கு மேல் இழுவை கூடும். செலவு ஒரு காற்று-நீர் வால்வும் ஒரு குழாயும்தான். இரும்பு எடைக் கட்டைகள் இதைவிட வசதியானவை, கழற்றி மாட்டலாம். ஆனால் பழைய வண்டிக்கு ஜோடி தேடி அலைய வேண்டும்.

நிரப்பும்போது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு கணக்கு தானே வந்துவிடும். மேலே காற்றுக்கு இடம் இருக்க வேண்டும், முழுக்க நிரப்பிய டயர் கல்மேல் ஏறினால் கொடுக்காது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். ட்யூபுக்குள்தானே இருக்கிறது என்பார்கள். வால்வு அடியில் ஒரு சொட்டுக் கசிந்தால் போதும், ரிம் அந்த ஓட்டையிலிருந்து உள்ளுக்குள்ளேயே உதிர ஆரம்பிக்கும். வெளியில் தெரியும்போது விரல் நுழையும்.

டிரெய்லர் இழுத்து ரோட்டில் அதிகம் ஓடும் வண்டிக்குத் தண்ணீர் வேண்டாம். பிரேக்குக்கும் பஞ்சர் போடுகிறவருக்கும் வீண் பாரம்.

போதுமான பிடிமானம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, பிளேடைத் தூக்கி வைத்துக்கொண்டு 10 சுற்று ஓட்டி தூரத்தை அளங்கள். 12.4 டயரில் 38 மீட்டர் அளவில் வரும். பிளேடை இறக்கி மண்ணோடு அதே 10 சுற்று ஓட்டுங்கள். 33 மீட்டர் வந்தால் வழுக்கல் 13 சதவீதம், அது சரியான அளவு. 28-க்குக் கீழே போனால் டயரைத் தேய்த்துக்கொண்டு டீசலைப் புகைக்கிறீர்கள்.

6 அடியா, 7 அடியா

கடைக்காரர் 35 குதிரைத்திறன் வண்டிக்கு 6 அடி என்பார். நேராக வைத்து வழிப்பதற்கு அது சரி. ஆனால் பின் பிளேடின் அருமையே அதைச் சாய்த்து வைத்து மண்ணை ஓரம் தள்ளுவதில்தான் இருக்கிறது. சாய்த்தால் நீளம் சுருங்கும். சக்கர நடு இடைவெளி 1.4 மீட்டர், டயர் 12.4 என்றால் வெளி அகலம் 5 அடி ஏழரை அங்குலம். 6 அடி பிளேடை 30 பாகை சாய்த்தால் அது மூடும் அகலம் 5 அடி 2 அங்குலம்தான். சக்கரம் பிளேடுக்கு வெளியே போய், நீங்கள் தட்டிய இடத்திலேயே தடம் பதிக்கும். அடுத்த ஓட்டத்தில் அந்த டயர் ஓரத்து மண்குவியலில் ஏறும், வண்டி சாயும், பிளேடும் கூடவே சாயும். 7 அடி பிளேடு அதே சாய்வில் 6 அடி ஒரு அங்குலம் மூடுகிறது. 13.6 டயர் போட்டாலும் வெளி அகலம் 5 அடி ஒன்பது அங்குலத்துக்குள் அடங்குவதால் அது போதும். 6 அடிதான் கையில் இருக்கிறதென்றால் 20 பாகைக்கு மேல் சாய்க்காதீர்கள், அல்லது ரிம்மைப் புரட்டிச் சக்கர இடைவெளியைக் குறையுங்கள்.

மணலில் மட்டும் 7 அடி ஒரேயடியாக நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். அதற்காகக் குட்டைப் பிளேடு வாங்க வேண்டாம், ஆழத்தைக் குறைத்து இரண்டு ஓட்டமாக எடுங்கள்.

எடையையும் கேளுங்கள். பழைய வண்டியின் ஹைட்ராலிக் தூக்கும், அழுத்தாது. பிளேடு மண்ணில் இறங்குவது அதன் சொந்த எடையால் மட்டுமே. 7 அடி நீளம், 45 சென்டிமீட்டர் உயரம், 8 மில்லிமீட்டர் தகடு என்றால் தகடு மட்டும் 60 கிலோ. கம்பமும் சட்டமும் வெட்டு விளிம்பும் சேர்ந்து 150-ஐத் தாண்டும். இறுகிய யார்டுத் தரையில் அது வழுக்கிக்கொண்டே போகும், 250 கிலோவாவது வேண்டும். சட்டத்தின் மேல் கான்கிரீட் கட்டை வைக்க ஒரு தட்டு வெல்டு செய்துகொள்வது மலிவான வழி.

ரெடிமேடா, பட்டறையில் செய்வதா என்றால், ரெட் ஹில்ஸ் ஜி.என்.டி. சாலைப் பட்டறைகள் போன்ற இடங்களில் செய்வதில் தப்பில்லை. 20 முதல் 24 அங்குலக் குழாயை நீளவாக்கில் வெட்டினால் பிளேடுக்கு வேண்டிய வளைவு தானே கிடைக்கிறது. தட்டைத் தகட்டில் செய்தால் மண் உருளாமல் மேலே வழியும். விலை குறைக்கச் சொன்னால் பட்டறைக்காரர் முதலில் கைவைப்பது வெட்டு விளிம்பில்தான். சாதாரண இரும்பு விளிம்பு ஒரு பருவத்தில் தேயும். கிரேடர் அல்லது ஜேசிபியின் பழைய விளிம்பை வாங்கிப் போல்ட்டால் பூட்டச் சொல்லுங்கள், வெல்டு வேண்டாம். போல்ட் என்றால் புரட்டி மறு ஓரத்தையும் பயன்படுத்தலாம். சுழற்றும் தட்டில் குறைந்தது 15 பாகைக்கு ஒரு ஓட்டை, அதைப் பூட்ட 20 மில்லிமீட்டருக்குக் குறையாத பின் (இரும்பு ஊசி). பிளேடு முனை கல்லில் இடிக்கும்போது முழு அதிர்ச்சியும் அந்தப் பின்னில்தான் விழும்.

பெட்டி வடிவப் பாக்ஸ் லெவலரோடு ஒப்பிட்டால்: யார்டுப் பள்ளத்தை நிரப்புவது மட்டுமே வேலை என்றால் பாக்ஸ்தான் நல்லது. இரு பக்கமும் அடைத்திருப்பதால் மேட்டில் அள்ளிய மண்ணைப் பள்ளம் வரை சுமந்து போகும். மழைநீர் வாய்க்கால், வரப்போரம், ஓரக் குவியல், திருப்பி வைத்து ரிவர்ஸில் குழி மூடுவது இதெல்லாம் பிளேடின் வேலை. ரெட் ஹில்ஸ் அரிசி ஆலை முற்றம் மாதிரி சமதளத்தைப் பராமரிப்பதற்குப் பாக்ஸ், புறவழி மண்சாலையை நடுவில் மேடாக்கி நீர் வடியவிடுவதற்குப் பிளேடு. வண்டிக்கு முன்னால் மாட்டும் டோசர் பிளேடை 1035-க்கு நாம் சொல்லமாட்டோம். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் முன் அச்சுக்கும் கைக்கும் அது தாங்காத பாரம். வருடத்துக்கு ஒரே நாள் வேலை என்றால் எதுவுமே வாங்காமல் ஜேசிபியைக் கூப்பிடுங்கள், அதுதான் நியாயம்.

மாட்டும்போது

வாங்குவதற்கு முன்பே, பிளேடை லிங்க்கில் கோர்க்கும் பின்னின் அளவைப் பாருங்கள். கேட்டகரி 1 என்றால் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல்பின் 19, கீழ்ப் பின்களின் இடைவெளி 683. கேட்டகரி 2-இல் 28, 25, 825. சின்னப் பின்னை லிங்க் நுனியிலுள்ள பெரிய உருண்டையின் ஓட்டையில் போட்டால் ஆட்டம் காணும், இடைவெளியை அடைக்கும் புஷ் போட்டே ஆக வேண்டும். அந்த ஆட்டம்தான் தரையில் பலகை போட்ட மாதிரி அலையாக விழும்.

சமதரையில் பிளேடை நிறுத்தி, வண்டியை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து இடது லிங்க்கை முதலில் மாட்டுங்கள். லெவலிங் கைப்பிடி வலது பக்கம் இருப்பதால், வலது லிங்க்கை உயர்த்தித் தாழ்த்திப் பொருத்துவது சுலபம். கடைசியாக நடுவில் மேலே உள்ள டாப் லிங்க். பிறகு செயினை இறுக்குங்கள். கலப்பைக்குச் சற்றுத் தளர்ச்சி விடுவது வழக்கம். சாய்த்து வைத்த பிளேடு பக்கவாட்டில் தள்ளும், தளர்ச்சி இருந்தால் லிங்க் போய் டயரில் இடிக்கும். செயினுக்குப் பதில் இறுக்கக்கூடிய ஸ்டெபிலைசர் கம்பி போட முடிந்தால் இன்னும் நல்லது.

டாப் லிங்க்கில்தான் பலர் குழம்புகிறார்கள். அதை நீட்டினால் பிளேடின் கீழ் விளிம்பு முன்னோக்கித் திரும்பி மண்ணைக் கடிக்கும், சுருக்கினால் விளிம்பு பின்வாங்கி மேலாக வழித்துக்கொண்டு போகும். பாக்ஸ் லெவலரில் நேர்மாறு: சுருக்கினால் முன்பக்கப் பற்கள் இறங்கிக் கொத்தும், நீட்டினால் பின்விளிம்பு இழுபட்டுத் தரையை மழமழப்பாக்கும். ஒன்றில் பழகியவர் மற்றதில் தப்பு செய்வது இதனால்தான்.

ஹைட்ராலிக்கை, லிங்க்கை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோலில் வைத்து ஓட்டுங்கள். டிராஃப்டில் போட்டால் இழுவை கூடும்போதெல்லாம் லிங்க் தானே தூக்கும், குறைந்தால் இறங்கும், தரை வரி வரியாகும். மாஸியில் ஹைட்ராலிக் பம்ப் கிளட்ச் வழியாகச் சுற்றுவதால் கிளட்ச்சை முழுக்க மிதித்தால் பிளேடு தூக்காது. சுவரருகே ஓட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பிளேடைத் தூக்கி எஞ்சினை அணைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் தரையைத் தொட்டுவிட்டால் லிஃப்ட் பிஸ்டனின் ரிங் போயிருக்கும், பிளேடுக்கு முன் அந்தச் செலவு. தூக்கியிருக்கும் பிளேடுக்கு அடியில் கட்டை கொடுக்காமல் கை வைக்கவே கூடாது.

டயர் மாட்டுவது: கடையிலா, யார்டிலேயா

பஞ்சர் கடைக்காரரை வரவழைத்துச் சக்கரம் வண்டியிலேயே இருக்க டயரை மட்டும் மாற்றுவது வேகமானது. ஆனால் ரிம்மின் உட்பக்கத்தைப் பார்க்க முடியாது. கடல்காற்று படும் இடத்தில் பத்து வருடமாக நின்ற வண்டியென்றால் சக்கரத்தைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். தண்ணீர் நிரப்பிய சக்கரம் கால் டன் எடை. சாய ஆரம்பித்தால் இரண்டு பேர் சேர்ந்தும் நிறுத்த முடியாது, முதலில் தண்ணீரை இறக்கிவிடுங்கள். மணல் தரையில் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்ட பிறகுதான் டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்க்க வேண்டும். ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்து, வால்வு ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால் வெல்டு செய்யலாம், ஆனால் டயர் ரிம்மில் இருக்கும்போது ஒருபோதும் வெல்டு வைக்காதீர்கள். காற்றை இறக்கியிருந்தாலும் உள்ளே சூடேறும் வாயு வெடித்து ஆள் போயிருக்கிறது. பிரைமரும் பெயின்டும் காய்ந்த பிறகு டயர்.

விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸோ டீசலோ ரப்பரைத் தின்னும். புது டயருக்குப் புது ட்யூப்தான், நீண்டுபோன பழைய ட்யூப் மடிந்து அந்த மடிப்பிலேயே அறுந்துவிடும். ட்யூபில் பவுடர் தூவி, வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று வைத்து நுழையுங்கள். கடைசி ஓரடி விளிம்பு ஏறாமல் கடப்பாறையால் நெம்பத் தோன்றினால் நிறுத்துங்கள். எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். முழங்காலால் அழுத்தி அதை இறக்கினால் சின்ன லீவரிலேயே ஏறிவிடும். பலவந்தமாக நெம்பிய ட்யூப் மறுநாள் காலையில் இறங்கிக் கிடக்கும்.

காற்றடிக்கும்போது நீளக் குழாயில் கவ்வும் பிடி போட்டு, பட்டனுக்கு நேரே தள்ளி நில்லுங்கள், பக்கச்சுவருக்கு எதிரே நிற்க வேண்டாம். விளிம்பு உட்கார 35 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. ரிம்மை ஒட்டியுள்ள மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் உட்கார்ந்துவிட்டது. இல்லையென்றால் காற்றை விட்டு மறுபடி சோப்பு போட்டுத் தொடங்குங்கள். உட்கார்ந்த பிறகும் ஒருமுறை முழுக்க இறக்கி மீண்டும் ஏற்றுங்கள், ட்யூபின் மடிப்பு நீங்கும். பின் டயருக்கு வயலில் 12 முதல் 14 பிஎஸ்ஐ, பாரம் இழுத்து ரோட்டில் ஓட 16 முதல் 20. முன் டயர் 6.00-16-க்கு 25-க்குக் குறையாமல்.

வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் ஓட்டுக்கூரை மாதிரி முனை மேலே இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் மண்ணை வெளியே தள்ளாமல் நடுவில் அடைத்துக்கொள்ளும். ரிம்மைப் புரட்டிச் சக்கர இடைவெளியை மாற்றுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அப்போது இடதை வலதாக மாற்றினால்தான் திசை சரியாகும்.

நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். ஒரு மணி நேரம் பிளேடு ஓட்டிய பிறகு மறுபடியும், அன்று மாலை மூன்றாவது முறையும். புதுப் பெயின்ட் பூசிய ரிம்மில் பெயின்ட் நசுங்கி நட்டு தளர்ந்தே தீரும்.

முதல் ஓட்டம் லோ கியரில், பிளேடை நேராக வைத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல். யார்டுக்குள் பழைய அஸ்திவாரமோ மேன்ஹோல் மூடியோ எங்கே இருக்கிறது என்று முதலில் நடந்து பார்த்துச் சுண்ணாம்புப் பொடியால் குறியிடுங்கள். ரிவர்ஸில் தள்ளும்போது அசையாத ஒன்றில் இடித்தால் கீழ் லிங்க் வளையும், அதை நேராக்கினாலும் மறுபடி அதே இடத்தில்தான் மடங்கும். வடிகால் சரிவு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் போதும். மழை விட்ட மறுநாளே களிமண்ணில் இறங்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உடைந்து சிதறினால் பிளேடை இறக்கலாம். சப்பையாகி ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.